பழங்குடி மக்களின் உரிமைகளும் சட்டப் பிரசுரங்களும்

ஒரு சட்டம் எப்போது மக்களைக் கட்டுப்படுத்தத் தொடங்குகிறது என்ற வினாவிற்கு உச்ச நீதிமன்றம் 1951ஆம் ஆண்டிலேயே தெளிவான விடை அளித்தது. முன்னாள் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை 1923இல் அபின் பற்றிய சட்டமொன்றைத் தீர்மான வடிவில் நிறைவேற்றியிருந்தது. அது கெஜட்டில் வெளியிடப்படவில்லை. வேறு எவ்வகையிலும் மக்களுக்கு அறிவிக்கப்படவுமில்லை. அச்சட்டத்தை மீறியதாக ஹர்லா என்பவருக்கு 50 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், நியாயமான முறையில் வெளியிடப்படாத சட்டத்தைக் கொண்டு எவரையும் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரணானது என்று கூறி உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது.

இந்நெறி இன்று ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றுள்ளது. ஆயினும் நடைமுறையில் ‘வெளியிடுதல்’ என்பது அரசிதழில் அச்சிடுதல் என்ற அளவில் சுருங்கிவிட்டது. அரசிதழில் வெளிவந்த நாள் முதல் சட்டத்தை எல்லோரும் அறிந்திருப்பதாகக் கொள்ளப்படுகிறது. நகரத்து வணிகருக்கும் ஆலை உரிமையாளருக்கும் இந்த அனுமானத்தால் பெருந்தீங்கு விளைவதில்லை. அவர்களுக்காக அரசிதழைப் படித்துச் சொல்ல வழக்கறிஞர்கள் இருக்கின்றனர். பழங்குடி மக்களின் நிலை வேறு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அட்டவணைப் பழங்குடியினர் 10.43 கோடிப் பேர். மொத்த மக்களில் 8.6 சதவீதம். ஏழு வயதுக்கு மேற்பட்டோருள் எழுத்தறிந்தோர் 59 சதவீதமே. பெண்களில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அந்த எழுத்தறிவும் பெரும்பாலும் மாநில மொழியில் பெற்றது. வீட்டில் பேசும் மொழியில் பெற்றதன்று.

இம்மக்களின் நலனுக்காக இயற்றப்பட்ட சட்டங்களுக்குக் குறைவில்லை. அரசியல் சட்டத்தின் ஐந்தாம், ஆறாம் அட்டவணைகள், நில மாற்றத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டங்கள், 1996ஆம் ஆண்டின் பட்டியல் பகுதிகளுக்கான பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் எனப் பட்டியல் நீளும். இருந்தும், நிலம் கைமாறுவதைத் தடுக்கும் சட்டம் நடைமுறையில் இருந்த வட்டாரங்களிலேயே நிலம் கைமாறியது. கடன், வறுமை, கீழ்நிலை அலுவலர்களின் உடந்தை ஆகிய காரணங்கள் பலமுறை எடுத்துரைக்கப்பட்டவை. அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய காரணம் மற்றொன்று உண்டு: சட்டம் அச்சாயிற்று, ஆனால் உரியவர் கையில் சேரவில்லை.

இது நல்லெண்ணத்தைப் பொறுத்த செய்தி மட்டுமன்று. இந்தியா ஏற்றுக்கொண்ட சர்வதேசக் கடமையுமாகும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1957இல் பழங்குடி மக்கள் தொடர்பாக நிறைவேற்றிய 107ஆம் உடன்படிக்கையை இந்தியா 1958இல் உறுதிசெய்தது. அதன் 26ஆம் ஷரத்து, இம்மக்களின் உரிமைகளையும் கடமைகளையும் அவர்களுக்குத் தெரியப்படுத்த அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், தேவையாயின் அவர்தம் மொழிகளில் எழுத்து மொழிபெயர்ப்பு மூலமாகவும் வெகுஜனத் தொடர்பு சாதனங்கள் மூலமாகவும் அதைச் செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. பழங்குடியினரைப் பெருஞ்சமுதாயத்தில் கரைத்துவிடும் நோக்குடையது என்று அந்த உடன்படிக்கை பின்னர் குறைகூறப்பட்டது, அக்குறை நியாயமானதே. அதற்கு மாற்றாக 1989இல் வந்த 169ஆம் உடன்படிக்கையை இந்தியா உறுதிசெய்யவில்லை. எனினும் பழைய உடன்படிக்கை இந்தியாவைப் பொறுத்தவரை இன்றும் நடப்பில் உள்ளது; அதன் 26ஆம் ஷரத்தும் அவ்வாறே. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2007 செப்டம்பர் 13 அன்று பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது, ஆதரவாக வாக்களித்த 144 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

சோட்டா நாக்பூரில் ஒரு பதிவேட்டின் கதை

சட்டப் பிரசுரம் பழங்குடி மக்களின் நிலத்தைக் காக்கக்கூடும் என்பதற்கு இந்திய வரலாற்றில் மிகச் சிறந்த சான்று இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் சோட்டா நாக்பூர்ப் பகுதியாகும். அங்கு முண்டா இனத்தவரிடையே ‘குண்ட்கட்டி’ என்னும் நிலமுறை நிலவியது. காட்டைத் திருத்திக் கிராமத்தை முதலில் அமைத்தவர்களின் வழித்தோன்றல்கள் அக்கிராமத்து நிலம், காடு, தரிசு அனைத்திற்கும் கூட்டாக உரிமை உடையவர்கள் என்பதே அதன் சாரம். இந்த உரிமைக்குப் பட்டா இல்லை, ரசீது இல்லை. முன்னோரின் புதைகுழிகளின்மீது நாட்டப்பட்ட கற்பலகைகளே அவர்களின் ஆவணம்.

ஆங்கிலேயரின் நீதிமன்றங்களுக்குக் காகிதம் தேவைப்பட்டது. காகிதம் வைத்திருந்தவர்கள் வெளியிலிருந்து வந்த ஜமீன்தார்களும் வட்டிக்கடைக்காரர்களும். வழக்குக்கு மேல் வழக்கில் முண்டாக்கள் தோற்றனர். உரிமையாளர்களாய் இருந்தோர் சொந்த மண்ணில் குடிவாரதாரர்கள் ஆயினர். 1899-1900இல் பிர்சா முண்டாவின் தலைமையில் எழுந்த கிளர்ச்சிக்கு அடிப்படைக் காரணம் இதுவே. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, பிர்சா 1900 ஜூன் 9 அன்று ராஞ்சிச் சிறையில் மறைந்தார். ஆனால், நிலவுரிமையை ஆராய்ந்து பதிவு செய்யாமல் அமைதி திரும்பாது என்பதை அரசு அதன் பின்னரே உணர்ந்தது.

தொடர்ந்து நடந்த நில அளவையின்போது முண்டா நாட்டின் நிலமுறை முதன்முறையாக விரிவாக எழுத்தில் வந்தது. முண்டாரி மொழியில் ஆழ்ந்த புலமை பெற்றிருந்த ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியக் கிறித்தவப் பாதிரியாரும் லிஸ்டர் என்ற அதிகாரியும் இணைந்து எழுதிய குறிப்பு, குண்ட்கட்டி உரிமை என்பது குத்தகையோ தயவோ அன்று, மூல உரிமை என்பதை அரசுக்குப் புரியவைத்தது. 1908ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர்க் குடிவாரச் சட்டம் அவ்வுரிமையை ஏற்றுக்கொண்டது. பழங்குடியினரின் நிலம் பிறருக்கு மாறுவதற்கு அதன் 46ஆம் பிரிவு கட்டுப்பாடு விதித்தது.

மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியது அச்சட்டத்தின் மற்றொரு பகுதியை. உரிமைப் பதிவேடு முதலில் வரைவாகப் பிரசுரிக்கப்பட வேண்டும். ஆட்சேபங்கள் கேட்கப்பட வேண்டும். அவற்றைத் தீர்த்த பின்னர் இறுதியாகப் பிரசுரிக்கப்பட வேண்டும் என்கிறது 83ஆம் பிரிவு. அவ்வாறு இறுதியாகப் பிரசுரிக்கப்பட்ட பதிவேட்டின் ஒவ்வொரு பதிவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, சரியானதெனக் கொள்ளப்படும் என்கிறது 84ஆம் பிரிவு. அதுவரை முண்டா உழவர் தம் உரிமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. பதிவேடு வெளியான பின் அவ்வுரிமையை மறுப்பவரே நிரூபிக்க வேண்டியதாயிற்று. நிரூபிக்கும் சுமையை ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாற்றும் ஆற்றல் ஒரு பிரசுரத்திற்கு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது. ‘கதியான்’ எனப்படும் அப்பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் கிராமத்தாருக்குக் காட்டில் உள்ள பொது உரிமைகளும் எழுதப்பட்டன. தலைமுறைகள் கடந்தும் அப்பகுதிக் குடும்பங்கள் கதியான் நகலைப் பெட்டியில் பூட்டி வைப்பதன் பொருள் இதுவே.

ராஞ்சியில் வழக்கறிஞராய் இருந்த சரத் சந்திர ராய் இப்பணியின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறார். முண்டாக்களின் வழக்கம் நீதிமன்றத்தில் புரிந்துகொள்ளப்படாததால் அவர்கள் தோற்பதைக் கண்ட அவர், அவ்வினத்தாரின் வரலாற்றையும் நிலமுறையையும் ஆராய்ந்து 1912இல் நூலாக வெளியிட்டார். 1921இல் மானிடவியல் ஆய்விதழொன்றையும் நிறுவினார். இந்திய மானிடவியலின் தொடக்ககாலப் பெருநூல்களுள் ஒன்று கட்சிக்காரருக்காகப் பேச முற்பட்ட ஒரு வழக்கறிஞரின் மேசையில் பிறந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அச்சிட்டபின் உறையும் வழக்காறு

வழக்காற்றை எழுத்தில் வெளியிடுவதால் நன்மை மட்டுமே விளையும் என்று கருதிவிடலாகாது. வாய்மொழியாக நிலவும் வழக்கம் காலத்திற்கேற்ப நெகிழும். அச்சில் ஏறிய வழக்கம் உறைந்துவிடும். எழுதியவர் யாரிடம் கேட்டு எழுதினார் என்பதும் முக்கியம். பெரும்பாலும் கிராமத் தலைவர்களிடமும் முதியவர்களிடமும் கேட்கப்பட்டது. அவர்கள் எல்லோரும் ஆண்கள். சோட்டா நாக்பூர்க் குடிவாரச் சட்டத்தின் 7, 8 ஆகிய பிரிவுகள் நில வாரிசுரிமையை ஆண் வழிக்கே உரித்தாக்கின. அதை எதிர்த்துப் பெண்கள் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு அப்பிரிவுகளை நீக்க மறுத்தது. நிலத்தை நம்பி வாழும் பெண்களின் வாழ்வாதாரத்திற்கு மட்டும் பாதுகாப்பு அளித்தது.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. 2025 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்றில், சத்தீஸ்கரைச் சேர்ந்த கோண்டு இனத்துப் பெண்ணொருவரின் வாரிசுகள் தாய்வழிப் பாட்டனார் சொத்தில் பங்கு கோரினர். பெண்ணுக்குப் பங்குண்டு என்னும் வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று கூறிக் கீழ்நீதிமன்றங்கள் கோரிக்கையைத் தள்ளியிருந்தன. பெண்ணுக்குப் பங்கில்லை என்னும் வழக்கமும்தான் நிரூபிக்கப்படவில்லை என்பதைச் சுட்டிய உச்ச நீதிமன்றம், சமத்துவத்தின் அடிப்படையில் பங்கு வழங்கியது. எழுதப்பட்ட வழக்கம் ஒரு வழக்கில் பெண்களுக்குத் தடையாயிற்று. எழுதப்படாத வழக்கம் மற்றொரு வழக்கில் ஏறக்குறைய அதே தடையாக ஆகவிருந்தது. ஆகவே வழக்காறுகளைத் தொகுத்து வெளியிட முற்படும் ஆராய்ச்சி நிறுவனங்கள் பெண்களையும் இளைஞர்களையும் கேட்டுப் பதிவு செய்வதோடு, மாறுபட்ட கருத்துகளையும் மறைக்காமல் அச்சிட வேண்டியது இன்றியமையாததாகும்.

வடகிழக்கு மாநிலங்களின் நிலை ஓரளவு வேறானது. ஆறாம் அட்டவணையின்கீழ் அமைந்த மாவட்ட சபைகள் தாமே சட்டம் இயற்றுகின்றன. அச்சட்டங்கள் மாநில அரசிதழில் வெளியான உடனே சட்ட வலிமை பெறும் என்று அந்த அட்டவணையின் 11ஆம் பத்தி கூறுகிறது. மிசோராமில் பாரி என்ற அதிகாரி 1928இல் அச்சிட்ட லுஷாய் வழக்காறுகளின் தொகுப்பு நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்தது. அந்த மாநிலத்தின் சட்டமன்றம் திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை ஆகியன பற்றி 2014இல் புதிய சட்டம் இயற்றியது. வழக்காற்றை எழுதும் அதிகாரம் அதைப் பின்பற்றுவோர் கையில் இருக்குமாயின், எழுதியதைத் திருத்தும் அதிகாரமும் அவர்களிடமே இருக்கும்.

கல்லில் பொறித்த ஷரத்துகள்

மீண்டும் ஜார்க்கண்டுக்கு வருவோம். 1996 டிசம்பரில் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் பகுதிகளில் கிராம சபையே மக்களின் மரபுகளையும் வளங்களையும் காக்கும் தகுதி உடையது என்றும், நிலம் கையகப்படுத்துமுன் கிராம சபையையோ உரிய நிலைப் பஞ்சாயத்தையோ கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. (தமிழ்நாட்டில் பட்டியல் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடம் ஏதுமில்லை, எனவே இச்சட்டம் அங்குச் செல்லாது. வன உரிமைச் சட்டம் செல்லும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை தேர்வுத் தாள்களில் மட்டுமன்றி அலுவலகக் கோப்புகளிலும் காணப்படுவது உண்டு.)

சட்டம் வந்த செய்தி கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்த முறை விந்தையானது. 1986 முதல் 1991 வரை தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினர் ஆணையராய்ப் பணியாற்றிய பி. டி. சர்மாவும், இந்தியக் காவல் பணியிலிருந்து விலகி அரசியலில் ஈடுபட்ட பந்தி ஒராவுனும் அச்சட்டத்தின் பிரிவுகளைக் கற்பலகைகளில் பொறித்துக் கிராம எல்லைகளில் நாட்டும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தனர். முன்னோருக்குக் கல் நாட்டும் முண்டா மரபோடு இது இயல்பாகப் பொருந்தியது. காகிதம் மழையில் நனையும், கறையான் அரிக்கும், கல் நிற்கும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு மாணவன் பலகையின் முன் நின்று உரக்கப் படித்தால் ஊரே அறிந்துகொள்ளும். சர்மா எளிய இந்தியில் சிறு கையேடுகளையும் எழுதினார்.

2017-18இல் குந்தி மாவட்டத்திலும் சுற்றுப்புறங்களிலும் இதே முறை மீண்டும் பரவியபோது நிலை சிக்கலாயிற்று. புதிய பலகைகள் சிலவற்றில் அரசியல் சட்டத்தின் ஷரத்துகளோடு, அவற்றில் இல்லாத பொருள்களும் பொறிக்கப்பட்டன. அதிகாரிகள் ஊருக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது, மோதல்கள் நிகழ்ந்தன, தேசத்துரோகப் பிரிவின்கீழும் வழக்குகள் பதிவாயின. 2019 டிசம்பரில் பதவியேற்ற மாநில அரசு அவ்வழக்குகளைத் திரும்பப் பெற முடிவு செய்தது. சட்டத்தைத் தவறாகப் பொருள் கொண்டவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் சரியான வாசகம் அதிகாரபூர்வமான வடிவில், படிக்கத்தக்க எழுத்தில் அந்தக் கிராமங்களுக்கு இருபது ஆண்டுகளில் எத்தனை முறை அனுப்பப்பட்டது என்ற கேள்வியும் கேட்கப்பட வேண்டியதே. சட்டம் 1996இல் வந்திருக்க, அதற்கான விதிகளைச் சத்தீஸ்கரும் மத்தியப் பிரதேசமும் வெளியிட்டதே 2022இல்தான். மூல வாசகம் இல்லாத இடத்தை வதந்தி நிரப்புவது இயல்பு.

எந்த மொழி, எந்த எழுத்து?

அரசியல் நிர்ணய சபையில் பழங்குடியினரின் குரலாய் ஒலித்த ஜெய்பால் சிங், 1949 செப்டம்பரில் மொழி பற்றிய விவாதத்தின்போது முண்டாரி, கோண்டி, ஒராவுன் ஆகிய மூன்று மொழிகளை எட்டாம் அட்டவணையில் சேர்க்குமாறு கோரினார். கோரிக்கை ஏற்கப்படவில்லை. ‘ஆதிவாசி’ என்ற சொல் இருக்க, இந்தி மொழிபெயர்ப்பில் ‘வனஜாதி’ என்று எழுதப்படுவதையும் அவர் அச்சபையில் ஆட்சேபித்தார். ஒரு மக்களைச் சட்டம் எந்தப் பெயரால் அழைக்கிறது என்பது அகராதிச் சிக்கல் அன்று. அவர்களை மண்ணின் முதற்குடிகளாகக் காண்கிறதா, காட்டில் திரிவோராகக் காண்கிறதா என்பதை அப்பெயரே சொல்லிவிடும்.

சட்ட மொழி பற்றிய ஏற்பாடுகள் அதன்பின் படிப்படியாக அமைந்தன. 348ஆம் ஷரத்தின்படி சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருக்கும். 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம் இந்தி மொழிபெயர்ப்பிற்கும், 1973ஆம் ஆண்டின் மத்தியச் சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகங்கள் சட்டம் மாநில மொழிகளின் மொழிபெயர்ப்புகளுக்கும் வழிசெய்தன. 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தத்தால் சந்தாலியும் போடோவும் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றன. 2011 கணக்கின்படி பீலி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோர் 1.04 கோடி, கோண்டி பேசுவோர் 29.84 இலட்சம், குருக் எனப்படும் ஒராவுன் மொழியினர் 19.88 இலட்சம், முண்டாரி பேசுவோர் 11.28 இலட்சம். ஜெய்பால் சிங் கேட்ட மூன்று மொழிகளும் இன்னும் அட்டவணைக்கு வெளியேதான் உள்ளன.

இதன் விளைவு 2020இல் வெளிப்படையாயிற்று. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய வரைவு அறிவிக்கையை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30 அன்று ஆணையிட்டது. சட்டப்படி இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டாலே போதும் என்று மத்திய அரசு வாதிட்டது. எழுத்தளவில் அவ்வாதத்திற்கு இடமுண்டு. ஆனால் சுரங்கங்களாலும் அணைகளாலும் முதலில் பாதிக்கப்படுவோர் யார் என்று எண்ணினால், இரு மொழிகள் மட்டுமன்று, 22 மொழிகளும் போதா என்பது விளங்கும். ஏனெனில் கோண்டியும் குருக்கும் அந்த 22இல் இல்லை.

எழுத்துச் சிக்கலும் சிறிதன்று. சந்தாலி மொழி ஒல் சிக்கி, தேவநாகரி, வங்காளம், ஒடியா, ரோமன் ஆகிய ஐந்து எழுத்து முறைகளில் அச்சாகிறது. பண்டித ரகுநாத் முர்மு 1925இல் உருவாக்கிய ஒல் சிக்கியே இன்று அதிகார ஏற்புப் பெற்றது. அவ்வெழுத்தில் அரசியல் சட்டத்தின் சந்தாலி மொழிபெயர்ப்பு 2025 டிசம்பர் 25 அன்று குடியரசுத் தலைவரால் வெளியிடப்பட்டது. போடோ மொழிபெயர்ப்பு அதற்கு ஒரு மாதம் முன்னர் வெளிவந்தது. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் சில சந்தாலி, காஸி, காரோ மொழிகளிலும் கிடைக்கின்றன. இவை வரவேற்கத்தக்க முயற்சிகள். எழுத்துப் பெற்ற மொழிக்குச் சட்டத்தின் முன் ஒரு கௌரவம் உண்டாகிறது. எனினும் பயன்பாட்டின் நோக்கில் பார்த்தால், அரசியல் சட்டத்தின் முழு மொழிபெயர்ப்பைவிட ஒரு உரிமைக் கோரிக்கைப் படிவத்தின் மொழிபெயர்ப்பு அதிகக் குடும்பங்களுக்கு உதவக்கூடும். படிவமோ பெரும்பாலும் கடைசியாகவே மொழிபெயர்க்கப்படுகிறது. பல இடங்களில் மொழிபெயர்க்கப்படுவதே இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இங்கு நினைவுகூரத்தக்கது. தகவலைப் பரப்பும்போது செலவு, வட்டார மொழி, அவ்விடத்திற்கு மிகவும் பயனுள்ள தொடர்புமுறை ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று அது கூறுகிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, ஒலிபரப்பு யாவும் ‘பரப்புதல்’ என்பதனுள் அடங்கும். ஆகவே வாரச் சந்தையில் தண்டோரா போட்டுக் கோண்டி மொழியில் ஒரு விதியைப் படித்துக் காட்டுவதும் சட்டத்தின் கண்ணில் முறையான வெளியீடே.

வன உரிமைச் சட்டமும் சான்றாகும் நூல்களும்

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 2007 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. பழங்குடியினருக்கும் மரபுவழி வனவாசிகளுக்கும் நேர்ந்த வரலாற்று அநீதியைச் சரிசெய்வதே தன் நோக்கமென்று அச்சட்டம் தன் முகவுரையிலேயே கூறுகிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் இருந்துவரும் குடும்பம் தன் உரிமையைக் கிராம சபையிடம் கோரலாம். கிராமம் தன் பொதுக் காட்டிற்கும் உரிமை கோரலாம்.

கோரிக்கைக்குச் சான்று எது? விதிகளின் 13ஆம் எண் இதற்குத் தரும் விடை, சட்டப் பிரசுரம் பற்றி ஆராய்வோருக்குப் பெருவிருந்து. மாவட்ட விவரச் சுவடிகள், மக்கள்தொகைக் கணக்குகள், நில அளவை அறிக்கைகள், வரைபடங்கள், வனத்துறையின் செயல் திட்டங்கள் ஆகிய அச்சிட்ட ஆவணங்கள் சான்றாகும். கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியனவும் சான்றாகும். முதியோரின் வாய்மொழி, எழுத்தில் பதிவு செய்யப்பட்டால், அதுவும் சான்றாகும். நூறாண்டுக்கு முன் வரி வசூலுக்காக ஓர் ஆங்கில அதிகாரி எழுதிய விவரச் சுவடியில் ‘இம்மலைச் சரிவில் இன்ன இனத்தார் வசிக்கின்றனர்’ என்றிருக்கும் ஒரு வரி இன்று ஒரு கிராமத்தின் காட்டுரிமையை நிலைநாட்ட வல்லது. அச்சுவடி மாவட்டத் தலைநகரின் ஆவண அறையில் தூசு படிந்து கிடந்தால் யாருக்கும் பயனில்லை. பழைய சுவடிகளில் ஒவ்வொரு வட்டத்திற்கும் உரிய பகுதிகளைப் பிரித்தெடுத்து, மாநில மொழியில் மலிவுப் பதிப்பாகக் கிராம சபைகளுக்கு வழங்குவது பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று. உட்கோட்டக் குழுவே வரைபடங்களையும் வாக்காளர் பட்டியலையும் கிராம சபைக்குத் தர வேண்டும், படிவங்கள் எளிதாகவும் இலவசமாகவும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதிகள் ஏற்கெனவே கூறுகின்றன.

கிராம சபையின் சொல் ஆவணமாகும்போது அதன் வலிமை எத்தகையது என்பதை ஒடிசாவின் நியமகிரி காட்டியது. அம்மலையில் பாக்சைட் வெட்டுவது பற்றிய வழக்கில், டோங்ரியா கோந்த் மக்களின் சமய, பண்பாட்டு உரிமைகள் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராய வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஒரு மாவட்ட நீதிபதியின் மேற்பார்வையில் 12 கிராம சபைகள் கூடின. 12உம் சுரங்கத்தை மறுத்தன. மலைக்கிராமத்து மக்கள் தங்கள் மொழியில் பேசியவை தீர்மானமாக எழுதப்பட்டுக் கையொப்பமும் கைநாட்டும் பெற்ற நிலையில், அவை அரசையும் நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும் ஆவணங்கள் ஆயின.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மேந்தா லேகா என்னும் கோண்டு கிராமத்தின் அனுபவம் அமைதியானது. அதனாலேயே அதிகம் பயன்தருவது. அங்கு வன உரிமைச் சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ‘அப்யாஸ் கட்’ எனப்படும் படிப்பு வட்டம் இயங்கிவந்தது. ஒரு சட்டமோ அரசாணையோ வந்தால், வெளியிலிருந்து அறிந்தவர்களை அழைத்து, பிரிவு பிரிவாகப் படித்து, பொருள் தெளிவான பின்னரே கிராம சபை முடிவெடுக்கும். 2009இல் நாட்டிலேயே முதலாவதாகச் சமுதாய வன உரிமை பெற்ற கிராமங்களுள் மேந்தாவும் ஒன்றாயிற்று. கிடைத்த காடு ஏறக்குறைய 1,800 ஹெக்டேர். உரிமைப் பத்திரம் கிடைத்த பின்னரும் மூங்கிலை வெளியே கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டை வழங்க வனத்துறை தயங்கியது. மூங்கில் சிறு வன விளைபொருளே என்பதைச் சட்டத்தின் விளக்கப் பிரிவைக் காட்டியே கிராமத்தார் வாதிட்டனர். 2011 ஏப்ரலில் அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரம் கிராம சபையிடமே ஒப்படைக்கப்பட்டது.

எல்லாக் கிராமங்களிலும் படிப்பு வட்டம் இல்லை. 2019 பிப்ரவரி 13 அன்று, உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வன நிலத்திலிருந்து வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. மாநிலங்கள் அளித்த கணக்கின்படி நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டவை. ஒரு கோரிக்கை என்பது ஒரு குடும்பம் என்று கொண்டால், எத்தனை பேரின் வீடும் வயலும் அந்த ஓர் ஆணையில் அடங்கின என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். அதே மாதம் 28ஆம் தேதி நீதிமன்றம் தன் ஆணையை நிறுத்திவைத்து, நிராகரிப்பின்போது உரிய நடைமுறை பின்பற்றப்பட்டதா என்று மாநிலங்களைக் கேட்டது.

அக்கேள்வி பெரிதும் ஒரு காகிதத்தைப் பற்றியது. 2012இல் சேர்க்கப்பட்ட 12-அ விதியின்படி, கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் அம்முடிவைக் கோரியவரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும். காரணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அதன்பின் மேல்முறையீட்டுக்கு அவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அறிவிப்பே வராதவருக்கு அந்த 60 நாள் எப்போது தொடங்குகிறது? வந்த அறிவிப்பு அவருக்குப் புரியாத மொழியில் ஒரே வரியில் ‘சான்று போதாது’ என்றிருந்தால், எந்தச் சான்று போதவில்லை என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? பல மாநிலங்கள் நிராகரித்த கோரிக்கைகளை மீண்டும் ஆராய முற்பட்டபோது முதலில் செய்ய வேண்டியிருந்த வேலை, ஒவ்வொரு கோப்பையும் திறந்து, அறிவிப்பு அனுப்பப்பட்டதா, எந்த மொழியில் அனுப்பப்பட்டது, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமோ கைநாட்டோ உண்டா என்று பார்ப்பதாகும்.